கருகருன்னு வேணாம்மா, கொஞ்சம் மங்கலாவே இருக்கட்டும்

டேட்டாபேஸ், கிரிக்கெட், அப்பப்ப சினிமான்னு எழுதிட்டு இருந்தவன் திடீர்னு தலைமுடிக்கு வந்துட்டானேன்னு நினைக்கிற நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கணும். இது அழகுக் குறிப்புப் பதிவு இல்லை. ஒரு கோபத்துல எழுதுறது.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். மெல்லிசான முடி, அதுவும் ஏற்கெனவே அடிபட்ட முடி இருக்கிறவங்க நரையை மறைக்கிறதுல எந்தத் தப்பும் இல்லை. ஆனா "நூறு சதவீதம் கருப்பு, ஒரு வெள்ளைகூடத் தெரியக் கூடாது"ங்கிற டார்கெட்டை விட்டுடணும். முடியைக் கெடுக்குறதுல பாதிப் பங்கு டைக்குன்னா, மீதிப் பாதி அந்த டார்கெட்டுக்குத்தான்.

"எதுக்குங்க டை? நரையோட அப்படியே கம்பீரமா இருக்கலாமே"ன்னு இப்பவே சிலர் பின்னூட்டப் பொட்டியைத் திறந்திருப்பீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. 2011ல மங்காத்தா வந்தப்போ அஜித் பாதி நரைச்ச தலையோட நடந்து வந்ததும் தியேட்டரே எழுந்து நின்னுச்சு. ரஜினி மேக்கப் இல்லாம வெள்ளைத் தாடியோட மேடை ஏறினா எளிமைன்னு கொண்டாடுறோம். அதே நரையோட ஒரு பெண் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்க. "உடம்புக்கு என்ன? ஏன் இப்படி ஆயிட்டீங்க?"ன்னு நாலு பேரு துக்கம் விசாரிப்பாங்க. கம்பீரம்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மட்டும் இலவச இணைப்பா வர்ற மாதிரி ஆயிப்போச்சு. அதனால, நரையோட இருன்னு அட்வைஸ் பண்ற உரிமை நமக்குக் கிடையாதுங்கிறது என் கட்சி. யாருக்கு வேணுமோ அவங்க இருக்கட்டும், மறைக்கணும்னு நினைக்கிறவங்க மறைக்கட்டும். அதை முடிக்கும் தோலுக்கும் வலிக்காம எப்படிப் பண்றதுங்கிறதுதான் கேள்வி.

கோபம் எதுக்குன்னா, எங்க அம்மாவுக்காக. அம்மா கோவில்பட்டியில டீச்சர். வயசு 55. ஒரு காலத்துல நல்ல அடர்த்தியான முடி. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு டைபாய்டு வந்து போச்சு. காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்துக் கொத்தா கொட்டி, மிச்சம் இருந்தது எலிவால் பின்னல்தான். (பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் இப்படிக் கொட்டுறது சகஜம். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். அம்மாவுக்கு முளைச்சது முன்ன இருந்ததைவிட மெல்லிசா முளைச்சது.) நரை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. பதினஞ்சு வருஷமா இருபது நாளைக்கு ஒரு தடவை, சனிக்கிழமை சாயங்காலம், பழைய பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம், கழுத்துல பழைய துண்டுன்னு உக்காந்துடுவாங்க. முழுத் தலைக்கும், நுனி வரைக்கும்.

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை காலையில அம்மாவால கண்ணைத் திறக்க முடியலை. இமை ரெண்டும் வீங்கி, நெத்தி ஓரமும் காதுக்குப் பின்னாடியும் நீர் கோத்துக் கொப்புளம். சனிக்கிழமை போட்ட டைக்கு திங்கக்கிழமை ரியாக்‌ஷன். "பதினஞ்சு வருஷமா இதேதானே போடுறேன், அதெப்படிய்யா இப்ப வரும்?"ன்னு அம்மா கேட்டதுக்கு தோல் டாக்டர் பொறுமையா பதில் சொன்னார்: பதினஞ்சு வருஷம் போட்டதாலதான் வந்திருக்கும்மா.

அதுதான் இந்த விஷயத்துல பலருக்கும் புரியாத இடம். நிரந்தர ஹேர் டை பெரும்பாலானதுல இருக்கிற முக்கியச் சரக்கு பாரா ஃபினிலின்டயமின், சுருக்கமா பிபிடி. அது உடம்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அறிமுகம் ஆகும். நோய் எதிர்ப்பு செல்கள் என்னைக்கோ ஒரு நாள் அதை எதிரின்னு குறிச்சு வைக்கும். அதுக்கப்புறம் எப்ப போட்டாலும், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வீங்கும். ஒருதடவை அலர்ஜி வந்துட்டா அது பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அமெரிக்காவுல தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் வருஷா வருஷம் 'இந்த ஆண்டின் அலர்ஜிப் பொருள்'னு ஒண்ணைத் தேர்ந்தெடுப்பாங்க. 2006ல அந்த 'விருது' பிபிடிக்குத்தான். ஒவ்வொரு தடவையும் போடுறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி காதுக்குப் பின்னாடி துளி தடவிப் பாருங்கன்னு பாக்கெட்ல போட்டிருக்கான். நம்ம நாட்டுச் சட்டப்படி அந்த எச்சரிக்கையை உள்ளூர் மொழியிலயும் போடணும். புருவத்துக்கும் இமைக்கும் போடாதீங்க, பார்வை போகலாம்னும் அதுலயே இருக்கு. எழுத்து எவ்வளவு பெருசுங்கிறதை நீங்களே வீட்டுல ஒரு பாக்கெட்டை எடுத்துப் பாத்துக்கோங்க. எனக்கு 28 வயசு, கண்ணாடி போட்டுட்டுதான் படிச்சேன். 55 வயசு டீச்சர் எங்க படிக்கிறது?

சரி, அலர்ஜி எல்லாருக்கும் வராது. ஆனா முடி அடிபடுறது எல்லாருக்கும் உண்டு. அது எப்படின்னு பாப்போம், பொட்டி தட்டுறவன் பாணியில.

முடியோட மேல்பக்கம் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி செதில் செதிலா அடுக்கியிருக்கும். உள்ளே கெரட்டின் புரதம், நிறமி எல்லாம். நிரந்தர டை என்ன பண்ணுதுன்னா, காரத்தைக் கொடுத்து அந்த ஓடுகளைத் தூக்கி விடுது. குட்டி மூலக்கூறுகளா உள்ள போற பிபிடியை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆக்சிஜனேற்றம் பண்ணி, பெரிய நிற மூலக்கூறா உள்ளேயே கட்டிடுது. பெருசாயிட்டதால வெளிய வர முடியாது. அதான் 'நிரந்தரம்'. பாட்டில் தலைக்குள்ள கப்பல் செய்யற மாதிரி அழகான ஐடியா. பாரீஸ்ல யூஜின் ஷூலர்ங்கிற கெமிஸ்ட் 1907ல செயற்கை டை செஞ்சு சலூன்களுக்கு வித்து, 1909ல கம்பெனியா பதிவு பண்ணினார். அதுதான் பின்னாடி லோரியல் ஆச்சு. நூறு வருஷத்துக்கு மேலயும் அடிப்படை அப்படியேதான் ஓடிட்டு இருக்கு. நம்ம பாஷையில சொன்னா லெகஸி கோட்.

இதுல பக்கவிளைவு ரெண்டு. ஓடுகளுக்கு மேல இயற்கையா ஒரு கொழுப்புப் படலம் இருக்கும். முடி பளபளன்னு வழுக்குறது அதாலதான். கார டை போட்டா அது உரிஞ்சிடும். ரெண்டாவது, முடிக்கு உறுதி கொடுக்கிற கந்தகப் பிணைப்புகள் கொஞ்சத்தை பெராக்சைடு உடைச்சிடும். தடிமனான முடின்னா தாங்கும். மெல்லிசான முடியில என்ன ஆகும்? விட்டம் பாதியானா, அதே எடை முடிக்கு மேற்பரப்பு ரெண்டு மடங்கு. கெமிக்கல் தாக்குற இடம் ரெண்டு மடங்கு, தாங்குற சதை குறைச்சல். இதுல பெரிய ரகசியம் எதுவும் இல்லை, பிளஸ் டூ கணக்கு.

இன்னொரு கணக்கு இருக்கு. இதைப் போட்டுப் பாத்தப்புறம்தான் எனக்குக் கோபம் வந்ததே. முடி மாசத்துக்கு சுமாரா 1.25 செ.மீ. வளரும். அம்மா முடி 40 செ.மீ. அப்போ நுனிக்கு வயசு 32 மாசம். அதாவது 970 நாள் சொச்சம். இருபது நாளைக்கு ஒரு தடவை முழுத் தலைக்கும் போட்டா, அந்த நுனி 48 தடவை டை வாங்கியிருக்கு. அதுல தேவையானது முதல் தடவை மட்டும்தான். மிச்சம் 47 தடவையும் ஏற்கெனவே கருப்பா இருக்கிற முடிக்குக் கருப்பு அடிச்சது. ஓடிட்டு இருக்கிற சர்வர்ல ஒரு காரணமும் இல்லாம அதே பேட்ச்சை 47 தடவை ஏத்துறவனை என்ன சொல்வீங்க?

ஆனா பாக்கெட்ல வர்ற படத்துல முழுத் தலையும் கருகருன்னு மின்னுது. வேர்ப்பக்கம் வளர்ந்த ஒரு செ.மீ.க்கு மட்டும் போடுங்கன்னு பெருசா சொன்னா பாக்கெட் எத்தனை விக்கும்? கால்வாசிதானே தீரும்.

இப்ப டார்கெட் விஷயத்துக்கு வர்றேன். நரைச்ச முடி நிறைய இருக்கிற தலையில மைக்கருப்பு அடிச்சா, பத்தே நாள்ல வகிடு ஓரம் வெள்ளைக் கோடு பளிச்னு தெரியும். சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி. அதை மறைக்க மறுபடி டை. மறுபடி கோடு. முடிவே இல்லாத லூப். இதுல மெல்லிசு முடிக்கு எக்ஸ்ட்ரா தண்டனை ஒண்ணு. முடி எவ்வளவு கருப்போ, அதுக்கு நடுவுல மண்டைத் தோல் அவ்வளவு வெளிச்சமா தெரியும். அடர்த்தி இல்லாத தலைக்கு மைக்கருப்பு அடிச்சா இருக்கிற முடியும் இல்லாத மாதிரிதான் காட்டும். அதுவே கொஞ்சம் பழுப்பு ஓடின நிறமா இருந்து, அங்கங்க நரை இழையும் கலந்து இருந்தா வகிட்டுக் கோடும் மங்கும், தோலும் துருத்தாது. இருபது நாளைக்கு ஒரு தடவைங்கிறது ஆறு வாரம், எட்டு வாரம்னு தள்ளும். கருப்பைக் குறைச்சா இளமையா தெரியும்னு சொன்னா நம்ம ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. அம்மாவும் நம்பலை.

"அமோனியா இல்லாதது இருக்கே"ன்னு ஒரு தோழி சொன்னாங்க. அமோனியாவுக்குப் பதிலா மோனோஎத்தனாலமைன் மாதிரி வேற காரத்தைப் போடுறாங்க. மூக்கைத் துளைக்கிற நாத்தம் போகும். ஓட்டைத் தூக்கி விடுற வேலையை இந்தக் காரமும் செய்யுது. அமோனியாவாவது ஆவியாப் போயிடும், இது போகாது. பிபிடியும் பெராக்சைடும் பல சமயம் அப்படியே உள்ள இருக்கும். அதே மாதிரிதான் 'ஹெர்பல்', 'கருப்பு மெஹந்தி'. மருதாணி இலையில இருக்கிற லாசோன் கொடுக்கிற நிறம் ஆரஞ்சு சிவப்பு. சுத்தமான மருதாணி எந்தக் காலத்துலயும் தனியா கருப்பு கொடுக்காது. வெறும் தண்ணியில கலக்கி அரை மணி நேரத்துல கருப்பாகுற மருதாணின்னா உள்ள பிபிடி இருக்குன்னு அர்த்தம். பாக்கெட் மேல நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, செம்பருத்தின்னு ஒரு தோட்டமே படம் போட்டிருப்பான். பின்னாடி திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க. அம்மாவுக்கு வீங்கினதும் சொந்தக்காரங்க ஆளாளுக்கு வாங்கிட்டு வந்து கொடுத்தது நாலு 'இயற்கை' பாக்கெட். நாலுல மூணுல பிபிடி. அதுல ஒண்ணைப் போட்டிருந்தா அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருப்பாங்க.

அப்ப என்னதான் பண்றது?

அலர்ஜி இல்லாத ஆளுங்களுக்கு: பெராக்சைடு குறைவா இருக்கிற டெமி பெர்மனென்ட் வகை, நம்ம நிஜ நிறத்தைவிட ஒரு படி வெளிர்ந்த பழுப்பு, வேர்ப்பக்கம் வளர்ந்த பகுதிக்கு மட்டும். இது நரையை முழுசா மூடாது, நிறம் பூசின மாதிரி கலக்கும். இருபத்தஞ்சு முப்பது தடவை தலை குளிக்கிறதுக்குள்ள மெதுவா மங்கிடும். கோடு விழாது. இதுலயும் பிபிடியோ அதோட சொந்தக்கார கெமிக்கலோ இருக்கலாம், அதனால 48 மணி நேர சோதனை கட்டாயம். கல்யாணம் காட்சின்னா வேர்ல தடவுற பவுடர், மஸ்காரா மாதிரி குச்சின்னு வருது. மேலாக ஒட்டிட்டு, குளிச்சா போயிடும். முடிக்கு ஒரு சேதமும் இல்லை.

அம்மா மாதிரி பிபிடி ஆகாதவங்களுக்கு மிச்சம் இருக்கிற நல்ல வழி மருதாணியும் அவுரியும். இங்க தென்மாவட்டத்து ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்க பக்கம் அவுரின்னா பேதிக்குக் கொடுக்கிற சென்னா இலையையும் அதே பேர்ல சொல்லுவாங்க. அதைத் தடவினா ஒரு நிறமும் ஏறாது. வேணுங்கிறது நீலி அவுரி. வெள்ளைக்காரன் காலத்துல நீலச் சாயம் எடுத்தாங்களே, அந்தச் செடி. திண்டிவனம் பக்கம் இன்னைக்கும் பயிர் பண்றாங்க. பொட்டலத்துல இண்டிகோஃபெரா டிங்டோரியான்னு போட்டிருக்கா, வேற எதுவுமே போடாம இருக்கான்னு பாத்து வாங்குங்க.

செய்முறை சுலபம்தான், நேரம்தான் பிடிக்கும். முதல்ல மருதாணி, ரெண்டு மணி நேரம், அலசணும். வெள்ளை முடி எல்லாம் ஆரஞ்சா நிக்கும், பயப்படக் கூடாது. அப்புறம் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணியில குழைச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் வச்சா மேலாக நீலம் ஓடும். உடனே தடவிடணும், வச்சிருந்தா வீரியம் போயிடும். ஒரு மணி நேரம் கழிச்சு வெறும் தண்ணியில அலசல். அன்னைக்குப் பாத்தா லேசா பச்சை அடிக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல காத்துப் பட்டுக் கருக்கும். அதுவரைக்கும் ஷாம்பு கிடையாது. ரெண்டையும் ஒண்ணா கலந்து போட்டா பழுப்பு, தனித்தனியா போட்டா கருப்புக்குப் பக்கம். அம்மாவுக்குக் கலந்துதான் போடுறோம். வேர்ல மட்டும். ஏன்னா மருதாணி கெரட்டின்ல ஒட்டிக்கிற சரக்கு, மேல மேல போட்டா மெல்லிசு முடியும் தேங்காய் நார் மாதிரி விறைச்சிடும். இயற்கைன்னாலும் 48 தடவை 48 தடவைதான்.

மத்தபடி பராமரிப்புன்னு பெருசா ஒண்ணும் இல்லை. குளிக்கிறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய். 2003ல வந்த ஒரு ஆராய்ச்சியில தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டதுல தேங்காயெண்ணெய்தான் முடிக்குள்ள போய் புரத இழப்பைக் குறைச்சது. (செஞ்சது தேங்காயெண்ணெய் விக்கிற மாரிகோ கம்பெனி ஆளுங்கங்கிறதையும் சொல்லிடறேன். ஆனாலும் காரணம் நியாயமாத்தான் படுது: லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, உள்ள நுழையும்.) சீயக்காய் போடுறவங்க பொடியை அப்படியே தேய்க்காம, கரைச்சு வடிகட்டித் தெளிவை மட்டும் ஊத்துங்க. மெல்லிசு முடிக்கு அந்தத் திப்பி உப்புத்தாள் மாதிரி. அப்புறம் குளிச்சதும் ஈர முடியைத் துண்டால பட் பட்னு அடிக்கிற பழக்கம். கேட்க நல்லாத்தான் இருக்கும், ஆனா முடி ஈரமா இருக்கிறப்பதான் ரொம்ப பலவீனமா இருக்கும். ஒத்தி எடுங்க, போதும்.

தண்ணியும் ஒரு வில்லன். எங்க வீட்டு போர் தண்ணியில சோப்பு நுரைக்காது. முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி லேப்ல ஈடிடிஏ வச்சு தண்ணியோட கடினத்தன்மையை அளந்தோமே, ஞாபகம் இருக்கா? அதே ஈடிடிஏ நிறைய ஷாம்புல இருக்கு, கால்சியத்தைப் பிடிச்சு வைக்க. எதுக்குடா இதைப் படிக்கிறோம்னு கேட்ட கேள்விக்கு எனக்குப் பத்து வருஷம் கழிச்சு பதில் கிடைச்சுது. :-)

அம்மாவுக்கு இப்ப தலை கருப்பட்டி நிறத்துல இருக்கு. உத்துப் பாத்தா நடுவுல நரை இழை தெரியும். போன மாசம் சித்தப்பா பையன் கல்யாணத்துல அத்தை வந்து, "என்ன மதினி, சாயம் சரியா பிடிக்கலியோ? செம்பட்டை அடிக்குது"ன்னு கேட்டாங்க. அம்மா முகம் ஒரு செகண்ட் சுருங்கிப் போச்சு. எனக்கு டைபாய்டுல ஆரம்பிச்சு பிபிடி வரைக்கும் மேடை போட்டுப் பேசணும் போல இருந்துச்சு. அம்மா அதுக்குள்ள, "எனக்கு இவ்வளவுதான் ஒத்துக்கிடுது மதினி"ன்னு சொல்லிட்டு பந்தியைப் பாக்கப் போயிட்டாங்க. அத்தை வகிட்டுல அன்னைக்கு அரை செ.மீ. வெள்ளைக் கோடு. நான் எதுவும் சொல்லலை.

டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. டை போட்டு முகமோ இமையோ வீங்கினா, மூச்சு விடச் சிரமமா இருந்தா பதிவு படிச்சிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு. கலப்படம் இல்லாத நீலி அவுரிப் பொடி மதுரை, நெல்லை பக்கம் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. இருக்கிற டப்பா இன்னும் ரெண்டு தடவைக்குத்தான் வரும்.